வெயிலில் பார்க்க வேண்டிய நிறங்கள்

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த அக்காவிடம், பணத்தை நீட்டியவுடன் பொருளை வாங்கிவிட முடியாது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை ஆகியவற்றுக்குத் தடையில்லை. அவை பெரிய மாடுகளின் விஷயம். பெரிய மாடுகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் கண்ணாடி அலமாரியில் இருந்த டானிக்கையோ, குடலுக்கான பவுடரையோ ஒரு கன்றுக்குட்டிக்காக யாராவது கேட்டால், அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். நிமிர்ந்து பார்த்து, “சாணி எங்க?” என்று மட்டும் கேட்பார்.

கொண்டுவந்திருக்க வேண்டும். பூவரச இலையிலோ கொட்டாங்கச்சியிலோ, புதியதாக, மண் ஒட்டாததாக. அதை அவர் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டார். சாலையோரம் வெயில் விழும் இடத்துக்கு எடுத்துச் சென்று, இலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, நகை பார்ப்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கி, பிறகு ஒரு நிறத்தின் பெயரைச் சொல்வார். சந்தனம். மாம்பழம். பாக்கு. மாந்துளிர். அரக்கு. அந்தப் பெயரில்தான் எல்லாம் முடிவாகும். சந்தனம் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். மாம்பழம் என்றால் கன்று அளவுக்கு மீறிப் பால் குடித்திருக்கிறது. அரக்கு என்றால் இரத்தம். “அரக்குன்னா என் கடை வாசல்ல நிக்காத. டாக்டராண்ட ஓடு” என்பார்.

அவருடைய பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் அவர் அக்கா. என் அம்மாவும் அவரை அக்கா என்றார், நானும் அக்கா என்றேன். உறவுமுறையில் இருக்கும் இந்தப் பிழை எங்கள் இருவரையும் உறுத்தியதில்லை. ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு துண்டு. கடை வாசல் குழாயில் சோப்புக் கட்டி ஒன்று நைலான் வலைப்பையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுவார் என்று எண்ண முடியாது. அந்தச் சோப்பு ஒரு வாரத்துக்குமேல் தாங்கியதில்லை.

இந்த நிறப் பெயர்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் ஏதுமில்லை. அவர் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், பட்டுநூலுக்குச் சாயம் போடும் வீட்டில். எழுத்து தெரிவதற்கு முன்பே தனக்குக் கலர் தெரியும் என்பார். சாயம் போடும் வீட்டில் ஒரு விதி உண்டாம். தோய்த்த நூலைப் பட்டறைக்குள் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈரத்தில் அதற்கு ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம்; காய்ந்து வெயிலுக்கு வந்த பிறகு தெரிவதுதான் அதன் சொந்த நிறம். உள்ளே வைத்துச் சரியென்று சொல்லி அனுப்பிய நூல், தறியில் ஏறிப் புடவையாகி, உடலுக்கும் முந்தானைக்கும் பொருந்தாமல் திரும்பி வந்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. கல்யாணமாகித் தீவனக் கடைக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த சீர் இந்த ஒரு விதிதான் என்று அவர் கணவர் கேலி செய்வாராம். அந்தக் கணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் எப்போதும் மூட்டை ஏற்றிவர வண்டியோடு போயிருப்பார்.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குத் தனியாகச் சென்றபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்றுக்கு மருந்து வாங்கிவர அம்மா அனுப்பியிருந்தார். கடையில் மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, கன்றுக்கு வயிறு சரியில்லை என்றேன்.

“சரியில்லன்னா? பசி இல்லியா, உப்பிக்கினு இருக்குதா, போவுதா?”

போகிறது என்றேன். எப்படிப் போகிறது என்று கேட்டார். “நீராக” என்று சொன்னேன். வாயிலிருந்து அந்தச் சொல்தான் வந்தது. ஆண்களில் ஒருவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நீர் என்றால் மோர் போலவா, வடித்த கஞ்சி போலவா என்று மேலும் கேட்டார். கஞ்சி என்றேன். நிறம்? மஞ்சள் என்றேன்.

“மஞ்சள்ல எது பாப்பா? மஞ்சள்னு சொன்னா ஒரு தெருவே நிக்கும்.”

எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இலையில் கொண்டுவரவும் தெரிந்திருக்கவில்லை. வெளியேறிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், என் துப்பட்டாவைப் போல இருந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்து வந்தார். என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து, அதோடு சேர்த்து என்னையும் வெயிலுக்கு அழைத்துச் சென்றார். சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பார்க்க, அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாம்பழம். பால் ஜாஸ்தியாய்டுச்சு. ஒரே தடவயா வுடாம மூணு தடவயா வுடச் சொல்லு. மருந்து வாணாம்.”

கன்று மறுநாளே தேறிவிட்டது. நான்தான் அந்தத் துப்பட்டாவை அதன் பிறகு அணியவே இல்லை.

இப்படி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், கேட்பவர்களின் நாக்கும் மாறிவிடும். முசரவாக்கத்திலிருந்தும் மாகறலிலிருந்தும் கடைக்கு வந்த விவசாயிகள், பட்டுக் கடைப் படியேறாதவர்கள்கூட, மாந்துளிருக்கும் பாக்குக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். அதில் ஒரு சங்கடமும் இருந்தது. என் சித்தி மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நகரத்துக்குள் சென்றோம். கடைக்காரர் ஒரு புடவையை விரித்து, “இது சுத்தமான சந்தனம்மா, பாருங்க” என்று பெருமையாகக் காட்டினார். என் அம்மா அதைப் பார்த்துத் தலையசைத்து, நல்ல ஜீரணம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. நான் அவரை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்வரை எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் புடவையை நாங்கள் எடுக்கவில்லை.

குடலுக்கான பவுடரை விற்க வந்த கம்பெனிக்காரர் ஒருவரை அக்கா நடத்திய விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கழுத்தில் டை கட்டியிருந்த அந்த இளைஞர், கன்றின் குடலில் நன்மை செய்யும் கிருமிகள் உண்டு, தீமை செய்பவையும் உண்டு, இந்தப் பவுடர் நல்லவற்றைப் பெருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அந்த இளைஞர் பதறிப்போனார். அது மனிதர்களுக்கானது அல்ல என்றார்.

கன்றுக்குத் தரப்போவதைத் தான் தின்னக் கூடாதென்றால் அது என்ன மருந்து என்று கேட்டார் அக்கா. தயிர் புளித்த வாசனை வருகிறது, சரியாகத்தான் இருக்கும் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். எத்தனையாவது நாளில் கலர் மாறும்? இளைஞர் துண்டறிக்கையைப் புரட்டினார். அதில் சிரிக்கும் கன்றின் படம் இருந்தது. சாணியின் படம் இல்லை. அக்கா இரண்டு பொட்டலங்களை வாங்கிவைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் கட்டியிருந்த தன் ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுத்து, தினமும் காலையில் வெயிலில் நின்று பார்த்தார். அதன் பிறகே அதை அலமாரியில் வைத்தார்.

விற்றாலும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கன்று பிறந்தவுடன் சீம்பால் குடித்ததா என்று கேட்பார். இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒரு வசை கிடைத்த பிறகுதான் பவுடர் கிடைக்கும். “வாசல் பெருக்காம கோலம் போட வந்துட்டியா?” என்பதுதான் அவருடைய அதிகபட்ச வசை. மாடு ஈன்ற வீட்டார் சிலர் அன்போடு அவருக்குச் சீம்பால் காய்ச்சி எடுத்துவருவார்கள். ஏலக்காய் மணக்கும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து, எத்தனையாவது கறவை என்பார். முதல் கறவை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கிண்ணம் அப்படியே திரும்பிப் போகும். அது கன்றுக்குட்டியின் சொத்து, திருட்டுப் பொருளை நான் வாங்குவதில்லை என்பார்.

என் அம்மா அவரிடம் சிக்கியது இந்த விஷயத்தில்தான். எங்கள் வீட்டில் இரண்டு பசுக்கள் இருந்தன. அப்பா ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். மாடுகள் முழுக்க அம்மாவின் பொறுப்பு. அவற்றில் செவலை, அம்மா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் மாடு. அது ஈன்ற இரண்டு கன்றுகள் அடுத்தடுத்து, பிறந்த பத்து நாளுக்குள் கழிச்சல் கண்டு இறந்திருந்தன. மூன்றாவது முறை செவலை சினைப்பட்டபோது, அதற்கு வயதாகிவிட்டது, இனிச் சினை நிற்பது சந்தேகம் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கன்றும் போனால் செவலையின் வழி அதோடு முடிந்தது. அம்மா இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஈனும் நாள் நெருங்க நெருங்க, மாட்டுக் கொட்டகையை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவினார்.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தைய இரண்டு கன்றுகளுக்கும் அம்மா அப்படித்தான் செய்திருந்தார். இதை அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, அக்கா தவிடு அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்துவிட்டார்.

“கொடி அதுபாட்டுக்கு வுழும். அதுக்கும் கன்னு வாய்க்கும் இன்னாமா சம்பந்தம்? பொறந்த கொயந்தைய அரை நாள் பட்டினி போட்டுட்டு, அப்பால எங்கிட்ட வந்து பவுடர் கேக்கறியா?”

அம்மாவுக்கு யாரும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். ஆனால் செவலை ஈன்றபோது, நஞ்சுக்கொடி விழக் காத்திராமல், கன்று எழுந்து நிற்பதற்குள்ளாகவே அதன் வாயை மடியில் வைத்துவிட்டார். கிடேரி, பெண் கன்று. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது வயிறு முட்டக் குடித்தது. தெருவில் யாருக்கும் சீம்பால் போகவில்லை. எதிர் வீட்டார் இரண்டு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது ஐப்பசி மாதம். கன்று பிறந்த ஆறாவது நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. ஊரே கரைக்குப் போய் வேடிக்கை பார்த்தது. எட்டாம் நாள் காலை கன்று கழிந்திருந்தது. அரிசி களைந்த தண்ணீரைப் போல இருந்தது. அந்த மழையில் இலையில் எடுத்துப் போனால் வழியிலேயே கரைந்துவிடும். அக்காவுக்குத் தொலைபேசினேன். போட்டோவை அவர் அதுவரை ஏற்றதில்லை. அன்று முதன்முறையாக ஒத்துக்கொண்டார். வெயிலே இல்லாத நாளில் நேரில் பார்த்தால் என்ன, போட்டோவில் பார்த்தால் என்ன என்றார்.

நான் படம் எடுத்து அனுப்பினேன். எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தில், படத்தின் கீழே ‘வெள்ளையாக இருக்கிறது’ என்று எழுதினேன். சிறிது நேரத்தில் அவருடைய குரல் வந்தது.

“வெள்ளை இல்ல பாப்பா, சந்தனம். பால் குடிக்கற கன்னு அப்டித்தான் போடும். கொஞ்சம் தண்ணியா இருக்குது, மழைக் குளுருக்கு. சாக்கு போட்டு மூடி வை. அம்மாவப் பயப்படாம இருக்கச் சொல்லு.”

நான் மறுபடியும் கொட்டகைக்குச் சென்று பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு நிறம் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சென்று, “சந்தனமாம்மா” என்றேன். அம்மாவின் முகம் தெளிந்தது. என் கண்ணைவிட இன்னொருவர் சொல்லை நம்பியதற்கு நான் இன்றுவரை தேடியும் ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் கன்று எழுந்திருக்கவில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருந்தது. டாக்டர் வேறொரு ஊரில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார், மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். செவலை கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. நான் அக்காவுக்குத் தகவல் சொன்னேன்.

அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வண்டியில் வந்தார். தலையில் கவிழ்த்திருந்த உரச் சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கன்றைத் தொடுமுன் அது கழிந்திருந்த இடத்துக்குச் சென்று குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

“வெள்ளை” என்றார். இளங்கன்றுகளைக் கொல்லும் கழிச்சலின் நிறம் அது.

பிறகு தன் போனை எடுத்து, நான் அனுப்பியிருந்த படத்தைத் திறந்து தரைக்குப் பக்கத்தில் பிடித்தார். தரையில் வெள்ளை. போனில் இளஞ்சந்தனம். என் போனில் அதே படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். வெள்ளை. நான் குனிந்து அவருடைய போனைத் தட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் மகள், கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று திரையை மஞ்சளாக்கும் ஒரு வசதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மாதக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது. நான் அதை நிறுத்தினேன். அவர் கையிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சந்தனம் வெள்ளையாயிற்று.

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வெந்நீர் வைக்கச் சொன்னார். ஆறவைத்த வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கொஞ்சம் சமையல் சோடாவும் கலந்தார். தன் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து, இன்னும் சிறிது தண்ணீர் சேர்த்தார். கன்றின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, புட்டியை வாயோரம் சரித்து, ஒரு மடக்கு விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு என்று ஊற்றினார். பாலை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டார். கூடாது, இதற்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பாலும் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே வற்றிப்போன உடம்பு என்றார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் மடியிலிருந்து அந்தத் தலை இறங்கவில்லை. புடவையெல்லாம் கழிச்சல். அந்த நிறத்தின் பெயரை அவர் மறுபடி சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் வந்தார். ஊசி போட்டு, சலைன் ஏற்றினார். பிறந்தவுடன் சீம்பால் குடித்ததா என்று கேட்டார். குடித்தது என்று அம்மா சொன்னதும், அதனால்தான் இதுவரை தாங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் காலையிலேயே முடிந்திருக்கும் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தொடர்ந்து மூன்று நாள், கடை திறக்கும் முன் அவர் வந்தார். வருவார், பார்ப்பார், உப்புத் தண்ணீர் கலப்பார், போய்விடுவார். கேலி இல்லை, வசை இல்லை. அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த மூன்று நாள்தான். அம்மாவும் பேசவில்லை. கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் கன்று மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மழை விட்டிருந்தது. அக்கா வரும்போது கன்று நின்றுகொண்டிருந்தது. கால்கள் நடுங்கினாலும், அம்மாவின் கையிலிருந்த பால் செம்பைத் தலையால் முட்டிப் பாதியைக் கொட்டிவிட்டது. அம்மா அதைத் திட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் திட்டு அது. கன்று வாலைத் தூக்கிக் கெட்டியாகப் போட்டது. கொட்டகைக்குள் சாய்வாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“உங்க கண்ணு மேல தப்பு இல்லக்கா. போன்தான் கெடுத்துச்சு.”

“போன் என் கையிலதானமா இருந்துச்சு” என்றார் அக்கா.

அன்று அம்மா கொடுத்த காப்பியை அவர் குடித்தார். மூன்று நாளாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மனிதர்கள் தம் பிழையை மறைக்கவே பார்ப்பார்கள். குறைந்தபட்சம் பேசாமல் கடந்துபோவார்கள். அக்கா அதைக் கடை வாசலில் வைத்து விற்றார். போனில் படம் காட்ட யார் வந்தாலும், போனைக் கையில் வாங்காமல், எங்கள் கன்றின் கதையைச் சொல்வார். ஓரிக்கையில் ஒரு கன்று, வெள்ளையைச் சந்தனமென்று சொன்னேன், என் கண் கெட்டது, என் புத்தி கெட்டது என்று தொடங்கி முழுவதையும் சொல்வார். நான் கடையில் இருந்துவிட்டால் இன்னும் மோசம். “இதோ நிக்குதே, இவங்க வூட்டுக் கன்னத்தான் நான் கொல்லப் பாத்தேன்” என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பார். கூச்சத்தில் நான் புண்ணாக்கு மூட்டைகளின் பின்னால் ஒதுங்குவேன்.

கதை வளர்ந்துகொண்டே போனது. உண்மையில் கன்று படுத்துக் கிடந்தது நான்கு நாள். அக்காவின் கதையில் அது முதலில் ஆறு நாளாயிற்று, பிறகு பத்து நாள். டாக்டர் கைவிரித்தது போன்ற ஒரு காட்சியும் இடையில் சேர்ந்தது. சீம்பால் குடித்ததால் தாங்கியது என்ற பகுதி மட்டும் எந்த முறையும் கதைக்குள் வந்ததில்லை. மற்றெல்லாவற்றிலும் ஒரு மயிரிழை பிசகாத அவர், இந்த ஒரு கதையில் மட்டும் தனக்கு எதிராகவே கூட்டிக்கொண்டு போனதைக் கவனித்தேன். திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். திருத்தியதில்லை.

கடைசியாக நான் அந்தக் கடைக்குச் சென்றது, கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது. அதன் பிறகு அவர் மகளோடு வாலாஜாபாத் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் விற்கிறார்கள். அன்று நான் தாது உப்பு வாங்கப் போயிருந்தேன். மாகறலிலிருந்து வந்திருந்த ஒருவர் போனை நீட்டிக்கொண்டிருந்தார். கன்று பிறந்து ஐந்து நாள், அவ்வளவு தூரம் இலையில் யார் தூக்கிவருவது, படம் பளிச்சென்றுதான் இருக்கிறது, பார்த்து ஒரு பவுடர் கொடுத்தால் போதும் என்றார். அக்கா போனைத் தொடவில்லை. கதையைத் தொடங்கினார். ஓரிக்கை, மழை, போட்டோ, சந்தனம், வெள்ளை. எனக்குப் பழக்கமான இடங்களையெல்லாம் தாண்டிக் கதை முடிவை நெருங்கியது.

“அப்பால இன்னா ஆச்சு?” என்றார் மாகறல்காரர்.

“இன்னா ஆவும்? செத்துப் போச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மாகறல்காரர்தான் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“உங்க கன்னாமா அது?”

“ஆமாங்க. எங்க வீட்டுக் கன்னுதான்” என்றேன். கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். போய் இலையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். வண்டி போவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தாது உப்பை எடுத்து வைத்தார்.

“இன்னா பாப்பா மொறைக்கற?”

“செத்துப் போச்சுன்னு சொல்லிட்டீங்களேக்கா.”

“பொழைச்சிடுச்சின்னு சொன்னா எவன் திரும்பிப் போவான்?”

பையை வாங்கி மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அங்கே, செத்துப்போன அந்தக் கன்று ஐந்து மாதச் சினையோடு இந்தத் தாது உப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது.